முகம் இறுகும் நேரம்

இல்ல தம்பி, பேசாதீங்க. உதட்டுக்கு மாவு வந்தாச்சு, இனிமே வாயத் திறக்கவே கூடாது. சொல்ல வேண்டியது எதுவா இருந்தாலும் விரலாலதான். ஆமான்னா ஒரு விரல், இல்லன்னா ரெண்டு. மூச்சு முட்டுற மாதிரி இருந்தா முழுக் கையையும் தூக்குங்க, எல்லாத்தையும் உடனே உரிச்சு எடுத்துடுவேன். எங்க, நான் பேசறது கேக்குதா? ம், ஒரு விரல். அவ்வளவுதான், இதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல.

சில்லுன்னு இருக்கும். பல்லு டாக்டர் அச்சு எடுக்கக் கலக்குவாரே, அதே மாவுதான். அதான் அந்தப் புதினா வாசனை. புருவத்துக்கும் மீசைக்கும் வாசலின் தடவியிருக்கேன், கவலப்படாதீங்க. கிரேன் ஓட்டுறவரு வாசலின் வேண்டாம்னு வீராப்புப் பேசினாரு. கழட்டும்போது பாதி மீசை என் கையோட வந்துடுச்சு. மிச்சத்தையும் எடுத்துடுங்கன்னு சொன்னா, மீசையில்லாம போனா வீட்ல உள்ள விடமாட்டாங்க அக்காங்கறாரு. பாதி மீசையோட போனா மட்டும் ஆரத்தி எடுப்பாங்களான்னு கேட்டேன்.

சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க. கன்னம் மேல ஏறிக்குது. மாவுக்கு நல்ல நேரம் கெட்ட நேரமெல்லாம் தெரியாது, முகம் எப்படி இருக்கோ அப்படியே பிடிச்சு வச்சுக்கும், சிலையும் அப்படியேதான் வரும்.

மூக்குக்கிட்ட வர்றேன். பயப்படாதீங்க, ரெண்டு ஓட்டையையும் விட்டுட்டு ஓரமாத்தான் பூசுவேன். நிறைய பேரு மூக்குல குழாய் செருகுவாங்கன்னு நினைச்சுக்கிட்டு வர்றாங்க. குழாய் வச்சா மூக்கு உப்பி, பன்றி மூஞ்சி மாதிரி ஆயிடும். கையாலதான் சுத்திக் கட்டணும், சின்னக் குச்சி வச்சுக்கிட்டு. அதுக்குத்தான் இவ்வளவு கிட்ட வந்து நிக்கிறேன். என் மூச்சு உங்க மேல படுதுன்னு தப்பா நினைக்காதீங்க.

தோளத் தளர்த்துங்க. ஏன் இப்படி மரக்கட்டை மாதிரி? தண்ணிக்கடியில இருட்டப் பாத்த மனுஷனுக்கு இது ஒரு இருட்டா?

நான் பேசிக்கிட்டேதான் இருப்பேன், அதயும் சொல்லிடறேன். இது என் வேலையில ஒரு பாகம். மாவுக்குள்ள இருக்கறவங்களச் சும்மா விடக் கூடாது. பேச்சுச் சத்தம் நின்னுட்டா, நம்மள இப்படியே விட்டுட்டு எல்லாரும் எழுந்து போயிட்டாங்கன்னு ஒரு நினைப்பு வந்துடும். வந்துடுச்சுன்னா அவ்வளவுதான், ஆளு பதறி எழுந்து, முகமும் போச்சு, மாவும் போச்சு. அதனால வாய் ஓயாமப் பேசுவேன். எங்க வீட்ல கேட்டா நான் ஊமைன்னு சொல்லுவாங்க. என் மக சொல்லுவா, அம்மாகிட்ட ஏதாவது தெரிஞ்சுக்கணும்னா மூஞ்சியில மாவு பூசிக்கிட்டு உக்காரணும்னு.

ஆமா, வளர்ந்துட்டா. உங்க உயரம் வந்துடுவா போலிருக்கு. நீங்க தோள்ல தூக்கிக்கிட்டு படகுத்துறையில நடப்பீங்களே, அதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கு. சித்தப்பா ஏன் வர்றதே இல்லன்னு கொஞ்ச நாள் கேட்டா. அப்புறம் கேக்கறத விட்டுட்டா.

சரி, கண்ணுக்கு மேல பூசறேன். இறுக்கி மூடாதீங்க, தூங்கறப்ப மூடற மாதிரி லேசா. இறுக்கினா சிலை வலியில நிக்கற மாதிரி இருக்கும். ம், இப்படித்தான்.

முடிஞ்சுது. இனி மாவு இறுகணும், அதுக்குமேல மாவுக்கட்டு போடணும். எலும்பு முறிஞ்சா போடுவாங்களே, அதே துணி. உள்ள இருக்கறது கொழகொழன்னு நிக்காது, வெளியில ஒரு ஓடு வேணும்ல.

நீங்க முங்கறத விட்டதுக்கப்புறம் கீழூர் ரொம்ப மாறிடுச்சு தம்பி. கமிட்டி வச்ச பேரு கடலடிச் சிற்பக்கூடம், பலகையில பெருசா அப்படித்தான் எழுதியிருக்கு. ஆனா படகுக்காரர்லேருந்து டிக்கெட் கிழிக்கறவர் வரைக்கும் எல்லாருக்கும் கீழூர்தான். வெளியூர்லேருந்து வர்றவங்ககூட, கீழூருக்கு ரெண்டு டிக்கெட் குடுங்கன்னுதான் கேக்கறாங்க. அந்தப் பேர வச்சது யாருன்னு ஞாபகம் இருக்கா? ம். உங்க அண்ணன், என் வீட்டுக்காரரு. கூடப் பிறந்தவரா என்னன்னு கேக்கறவங்ககிட்ட, கூட முங்கினவன்னு சொல்லுவாரு உங்களப் பத்தி.

முதல்ல கடல்ல இறக்கின ஊர்க்காரங்க சிலை வரிசையில இப்ப ஒரு முகமும் தெரியாது. பாசி வந்துச்சு, சிப்பி ஒட்டுச்சு, அப்புறம் பவளம். மூக்குதான் முதல்ல போகுது. நான் குச்சிய வச்சுக்கிட்டு மூச்சப் பிடிச்சு எடுத்த மூக்கெல்லாம். மொதல்ல வயித்தெரிச்சலா இருந்துச்சு. அப்புறம் சிற்பி சொன்னாரு, நீங்க வழவழன்னு முடிச்சிட்டா எந்த உயிரும் ஒட்டாதும்மா, சொரசொரப்பா விடுங்க, மிச்சத்தக் கடல் பாத்துக்கும்னு. அழியறதுக்குன்னே செய்யற வேலை. பழகிக்கிட்டேன். தபால்காரம்மா சிலை தோள்ல தொங்குதே பை, அதுக்குள்ள ஒரு ஆக்டோபஸ் குடித்தனம் பண்ணுது. தினம் ஒரு சிப்பி ஓட்ட வாசல்ல போடுது, சாப்பிட்ட இலையத் தூக்கிப் போடற மாதிரி. கணக்கு வாத்தியார் இருக்காரே, அவர் சிலை வாய்மேல கறுப்பா, முள்ளு முள்ளா ஒரு ஜீவன் வந்து உக்காந்துக்கிச்சு. அவரு வீட்டம்மாவக் கண்ணாடி அடிப் படகுல கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. ரொம்ப நேரம் பாத்துட்டு அந்தம்மா சொல்லுது, கல்யாணமான நாள்லேருந்து என்னால முடியாதத இது செஞ்சிடுச்சேன்னு.

அசையாதீங்கன்னு சொன்னேன்ல.

மாவுக்கட்டு வைக்கிறேன். ஈரத்துணி, கொஞ்சம் கனமா இருக்கும். நெத்தியிலேருந்து தாடை வரைக்கும். காது வெளியில, ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நேரத்துல சூடு ஏறும். சுண்ணாம்பு வேகற மாதிரிதான், சுடாது, கதகதன்னு இருக்கும். சில பேருக்கு அது பிடிக்கும். யாரோ ரெண்டு கையால முகத்த ஏந்திக்கிட்டு இருக்கற மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க.

உள்ள வரும்போது மேல் தட்டப் பாத்தீங்க, நானும் கவனிச்சேன். இங்க வர்ற எல்லாரும் பாப்பாங்க. இத்தனை முகம் வரிசையா, எல்லாம் உள்பக்கம் குழிஞ்சது. நடந்து போனா அத்தனையும் நம்மளையே திரும்பித் திரும்பிப் பாக்கற மாதிரி இருக்கும். பேயும் இல்ல, பிசாசும் இல்ல. கண்ணு ஏமாத்துது, குழிய மேடுன்னு நினைச்சுக்குது. எனக்கே தெரியும், ஆனாலும் விளக்கப் போட்டதும் ஒரு தடவ நெஞ்சு திடுக்குங்கும். அதுல ஒண்ண மட்டும் துணி போட்டு மூடி வச்சிருக்கேன்ல, அது அவருதான். ஆமா. புது மாவு வந்தா முதல்ல வீட்டு ஆளு மூஞ்சியிலதான் பூசிப் பாப்பேன். அப்படி எடுத்தது. உக்கார மாட்டேன்னு அடம், கடைசியில உக்காந்துட்டு குறட்டை விட்டுத் தூங்கிட்டாரு. அதனால ரொம்ப நல்லா வந்துச்சு. இத்தனை வருஷத்துல அவ்வளவு நிம்மதியான முகம் எனக்கு விழுந்ததே இல்ல.

கமிட்டித் தலைவர் வந்து வந்து கேட்டாரு. அம்மா, அச்சுதான் கையில இருக்கே, வார்த்துக் குடுங்க, நடுவுல நிக்க வைப்போம், கடமையில உயிரக் குடுத்தவருன்னு கீழ எழுதுவோம்னு. நான் மாட்டேன்னுட்டேன். எழுத்துல வேற போட்டு அனுப்பினாரு, அதுக்கும் மாட்டேன்னுட்டேன். திமிரு பிடிச்சவள்னு பேரு வந்துச்சு, வந்துட்டுப் போகட்டும்.

சூடு வருதா? ம்.

உங்கள எப்படி இங்க கூப்பிட்டாங்கன்னு நினைக்கிறீங்க? கடைசி வரிசை, வேலை செஞ்சவங்க வரிசை. கிரேன்காரர், படகுக்காரர், சிமெண்ட் கலக்கினவங்க, அப்புறம் முக்குளிக்கிறவர் ஒருத்தர். வேற ஊர்லேருந்து யாரையோ கூப்பிடப் பாத்தாங்க. நான்தான் சொன்னேன், இந்த வேலைய முதல் நாள்லேருந்து செஞ்சவரு ஒருத்தர் உயிரோட இருக்காரு, அவர் முகத்தத்தான் வைக்கணும்னு. நீங்க, வேற யாராவது அச்சு எடுக்கட்டுமேன்னு சொல்லி அனுப்பினீங்களாம். வேற யாரு இருக்கா தம்பி இங்க?

இல்ல இல்ல, திட்டறதுக்குக் கூப்பிடல. தோள விடுங்க. நீங்க என்னக் கண்டா சந்து மாறிப் போறது எனக்குத் தெரியும். போன மாசம் மருந்துக்கடையில என்னப் பாத்துட்டு, மருந்து வாங்காமலே இறங்கிப் போயிட்டீங்க. உங்க மருந்துச் சீட்டு கடைக்காரர் கையிலயே நின்னுச்சு. நான் ஒண்ணும் நினைச்சுக்கல.

அவரப் பத்திக் கொஞ்சம் பேசறேனே. வேற யாருகிட்டயும் பேச முடியாது. பேசினா, ஆஹா எப்பேர்ப்பட்ட மனுஷன்னு ஆரம்பிச்சுடறாங்க.

ஆரம்பத்துல அவருக்கு அது வேலை. இறக்கணும், நிக்க வைக்கணும், ஆணி அடிக்கணும், ஏறணும். அப்புறம் எப்ப மாறிச்சுன்னு தெரியல. வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தா கீழூர்ச் சேதிதான். டீச்சரம்மாவுக்குக் காதுகிட்ட பூ மாதிரி ஒண்ணு வந்திருக்கு. கண்ணாடிக் கடைக்காரர் கொஞ்சம் சாஞ்சுட்டாரு, பாவம், முதுகு வலிக்கும். இப்படி. நான் சிரிப்பேன். கீழ போனா ஒவ்வொருத்தரையும் பாத்துத் தலையாட்டிட்டுத்தான் போவாராமே? நீங்கதான் ஒரு தடவ சொன்னீங்க, அண்ணி, அண்ணன் கீழ எல்லாருக்கும் வணக்கம் வைக்கிறாருன்னு. நாம எல்லாரும் சிரிச்சோம்.

அப்புறம் வீட்ல பேச்சு குறைஞ்சுது. மிக்ஸி ஓடினா எழுந்து வெளிய போயிடுவாரு. மேல எல்லாம் ரொம்ப சத்தமா இருக்குடீன்னு சொல்லுவாரு. மேலன்னா நம்ம வீடு. நம்ம தெரு. ஒரு மனுஷன் தன் வீட்ட மேலன்னு சொன்னா, அவன் எங்க குடியிருக்கான்னு அர்த்தம்? அன்னிக்கு எனக்கு உறைக்கல. ஆம்பளைங்க வேலை வேலைன்னு கிடப்பாங்க, இவரு தண்ணியில கிடக்கறாருன்னு விட்டுட்டேன்.

அந்தப் புயலுக்கப்புறம், ஒரு சிலை மட்டும் உருண்டு மணல் முடியற இடத்துக்குப் போயிடுச்சு. அதுக்கு அந்தாண்ட பள்ளம், ஆழம். அத மேல தூக்கணும்னு நீங்க ரெண்டு பேரும், கட்டி ஊதினா சிலையத் தூக்கிக்கிட்டு மிதக்கற காத்துப் பைய எடுத்துக்கிட்டுப் போனீங்க. காலையில கிளம்பும்போது கைக்கடிகாரத்தக் கழட்டி முகம் கழுவற இடத்துல வச்சவரு, வச்சபடியே போயிட்டாரு. ஆழம் காட்டற கடிகாரம். குளிக்கும்போதுகூடக் கழட்டாத மனுஷன். நான் அத மத்தியானம்தான் பாத்தேன். கையில எடுத்துக்கிட்டுத் துறைக்கு ஓடலாமான்னு யோசிச்சேன். அதுக்குள்ள படகுக்காரர் பையன் சேதியோட சைக்கிள்ல வந்துட்டான்.

இல்ல, கைய இறக்குங்க. மூச்சு முட்டுதா? முழுக் கையா அது? இல்லல்ல. சரி.

விசாரணையில நீங்க சொன்னது எனக்கு மனப்பாடம். தண்ணி கலங்கியிருந்துச்சு, அதனால ரெண்டு பேரும் மணிக்கட்டுல ஒரே கயித்தக் கொக்கியால மாட்டிக்கிட்டு இறங்கினோம். காத்துப் பையக் கட்டி முடிச்சதும், அண்ணன் தன் கொக்கியத் தானே கழட்டினாரு. கட்டை விரலக் காட்டி, நீ மேல போ, நான் வர்றேன்னு சைகை காட்டினாரு. நான் மேல வந்தேன். அவரு வரல. இவ்வளவுதான் சொன்னீங்க. எல்லாரும் தலையாட்டினாங்க. தம்பிய முதல்ல அனுப்பிட்டு, வேலைய முடிக்க நின்னவருன்னு சொல்லி, கூட்டம் போட்டு, மாலை போட்டு, மைக்கப் பிடிச்சு அழுதாங்க. நான் முன்வரிசையில உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். ஒவ்வொருத்தரும் தானே கழட்டினாரு, தானே கழட்டினாருன்னு சொல்லச் சொல்ல எனக்குக் காதுக்குள்ள ஏதோ இறங்கற மாதிரி இருந்துச்சு.

உடம்பும் கிடைக்கல. கிடைச்சிருந்தா அது ஏதாவது சொல்லியிருக்கும்.

இப்ப நல்லா இறுகிடுச்சு. தட்டிப் பாக்கறேன், கேக்குதா? ஓடு மாதிரி ஆயிடுச்சு. எடுத்துடலாம். ஆனா ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கறேன், அதுக்கப்புறம் எடுக்கறேன். கேக்கலாமா?

ம்.

வாயிருந்தா நீங்க எனக்கு ஆறுதல் சொல்லிடுவீங்க தம்பி. நல்ல பிள்ளை நீங்க, எப்பவுமே அப்படித்தான். அண்ணி, அவரு சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாருன்னு ஏதாவது சொல்லி வைப்பீங்க. விரலுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. அதுக்காகத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன். நீங்க என்ன சொன்னாலும் என் வீட்டத் தாண்டி வெளிய போகாது. கமிட்டிக்கும் போகாது, போலீசுக்கும் போகாது. என் மக தலைமேல சத்தியம்.

அந்தக் கொக்கிய அவரா கழட்டினாரு?

அவசரம் இல்ல. யோசிங்க.

ஒரு விரல் பாதியில நிக்குது. இது ஒண்ணா, ரெண்டா? எனக்குச் சரியாத் தெரியல. இன்னொரு தடவ, தெளிவா.

ரெண்டு.

நீங்க கழட்டினீங்க.

ம். சரி. இருங்க, கைய இப்படிக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன். விரல மட்டும் அசைங்க, எனக்குத் தெரிஞ்சுடும். கலங்கலா இருந்துச்சு, ஒண்ணும் தெரியல. சிலை சரிஞ்சுதா? ஆமா. உங்கள இழுத்துக்கிட்டுப் போயிடும்னு பயம் வந்துச்சு. ஆமா. யாருக்கும் வரும். இன்னும் ஒண்ணே ஒண்ணு. நீங்க கழட்டறதுக்கு முன்னாடி, கயிறு அவரு பக்கத்துலேருந்து எப்படி இருந்துச்சு? தொய்வா கிடந்துச்சா? இல்ல. இழுத்தாரா?

இழுத்தாரா தம்பி? மேல வர்றதுக்கு?

ரொம்பவா இழுத்தாரு?

ஓ.

அப்ப வரத்தான் பாத்திருக்காரு.

இருங்க. ஒரு நிமிஷம். நான் உக்காந்துக்கறேன். எங்கயும் போகல, ஸ்டூல இழுத்துப் போட்டுக்கறேன், அவ்வளவுதான்.

நான் உங்கள ஒரு நாளும் சந்தேகப்படல தம்பி. அதுதான் வேடிக்கை. நீங்க சொன்னத அப்படியே நம்பினேன். நம்பினதுதான் வினையாப் போச்சு. எல்லாருக்கும் அவரு தியாகி. எனக்கு மட்டும், கடிகாரத்த வீட்ல வச்சுட்டுப் போய், கயித்தத் தானே கழட்டிவிட்டு, மேல வர இஷ்டமில்லாம அந்தச் சிலைங்களோட நின்னுட்ட மனுஷன். யாருகிட்ட சொல்ல? படுத்தா, அவரு அங்க எல்லாருக்கும் தலையாட்டிக்கிட்டே நடந்து போற மாதிரி இருக்கும். திரும்பியே பாக்க மாட்டாரு. அவரா போய் நின்னிருந்தா நான் எதுக்கு இன்னொருத்தர வார்த்து அனுப்பணும்? போகலைன்னா, போகாத மனுஷன நான் எப்படிக் கீழ இறக்கறது? இதனாலதான் அந்த அச்ச இத்தனை வருஷமா துணி போட்டு மூடி வச்சிருக்கேன்.

என் மக ஒரு நாள் கேட்டா. அம்மா, அப்பாவுக்கு நம்மளவிட அவங்களத்தான் பிடிச்சுதான்னு. நான் அடிச்சிட்டேன் அவள. பதில் தெரியல, அடிச்சிட்டேன். இன்னிக்கு சாயங்காலம் அவ வந்ததும் சொல்லணும். உங்கப்பா கயித்தப் பிடிச்சு இழுத்தாருடீ. வீட்டுக்கு வர்றதுக்கு இழுத்தாரு. ரொம்ப இழுத்தாரு.

உங்க மேல கோவம் வரும். மறைக்க மாட்டேன். நாளைக்கு வரும், இல்ல வர்ற வாரம் துணி துவைக்கும்போது திடீர்னு வரும், அப்ப உங்கள என்னென்ன சொல்லுவேனோ தெரியாது. ஆனா இப்ப தேடித் தேடிப் பாக்கறேன், கிடைக்கல.

அழாதீங்க தம்பி. தயவுசெஞ்சு அழாதீங்க, மூக்கடைச்சுக்கும். உங்களுக்கு இப்ப அந்த ரெண்டு ஓட்டைதான். குனிங்க, என் கைமேல முகத்த வச்சு நல்லா முன்னாடி குனிங்க. உள்ளுக்குள்ளயே முகத்தச் சுளிங்க, காத்து போகும், தானா விட்டுக் குடுக்கும். அவசரப்பட்டு நீங்களா பிய்க்காதீங்க. நான் பிடிச்சிருக்கேன். மெதுவா.